எழுத்தும் திரையும்: மாற்றத்தை மக்கள் ஏற்கும் விதம்

நாள்தோறும் கையாளும் கருவியின் தோற்றம் மாறும்போது எதிர்ப்பு எழுவது இயல்பு. 2013 செப்டம்பரில் அப்பிள் நிறுவனம் தன் கைப்பேசித் திரையின் தோற்றத்தை முற்றாக மாற்றியது. திரையின் அசைவு தலைச்சுற்றலைத் தருவதாகப் பலர் முறையிட்டனர். அசைவைக் குறைக்கும் வசதி அடுத்த மாதமே விரிவாக்கப்பட்டது.

தமிழ் எழுத்தின் வரலாறும் இதற்குச் சான்று பகரும். பெரியார் 1935இல் ‘குடி அரசு’ இதழிற் கையாளத் தொடங்கிய சீர்திருத்த எழுத்துகளிற் சிலவற்றைத் தமிழ்நாட்டரசு ஏற்று ஆணையிட்டது 1978இலேயாம். ஏற்கப்பட்டவை ணா, றா, னா, ணை, லை முதலிய 13 எழுத்துகளே. பிற எழுத்துகளில் ஏலவே வழங்கிய குறிகளே இவற்றுக்கும் வந்தமையால், கற்றோர் புதிய குறி எதனையும் பயில வேண்டியிருக்கவில்லை. அச்சுக்கோப்போரின் சுமையும் குறைந்தது. பிற்காலத்தில் வா. செ. குழந்தைசாமி, இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகளின் 72 எழுத்துகளையும் மாற்ற வேண்டுமென வாதிட்டார். அது புதிய குறிகளை வேண்டிற்று; நடைமுறைக்கு வரவில்லை.

ஆகவே, மக்கள் மாற்றத்தையே வெறுப்பவரல்லர். தாம் அரிதிற் கற்றது பயனற்றுப் போவதையே வெறுக்கின்றனர்.

மலையகத்தில் இவ்வுண்மைக்குத் தனி அழுத்தமுண்டு. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களிலேதான். அதற்கு முன் வளர்ந்தோருட் பலர்க்குக் கல்வி எட்டவில்லை. அட்டன், நுவரெலியாப் பகுதிகளில் எழுத்தறியா முதியோர்க்குக் கைப்பேசியென்பது நிறமும் படமும் இடமுமேயாம். அவை ஓரிரவில் இடம்மாறினால், கொழும்பிலுள்ள பிள்ளையுடன் பேசவும் பிறர் துணையை நாட நேரிடும். மாற்றுவோர் முதலில் எண்ண வேண்டியது இவர்களையே.