பெயர்ப்பலகை இல்லாத படித்துறை

1

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ்ஸில் அரைமணி நேரம். இந்த அரைமணி நேரத்தில், பன்னிரண்டு வருஷங்களாக, நானும் ஒரு நண்பரும் இலக்கியம் பேசி வந்திருக்கிறோம். மௌனி, நகுலன், காஃப்கா என்று நாங்கள் தொடாத பெயர் குறைவு. மில் இயந்திரங்கள் சம்பந்தமான வேலையாக அவர் சென்ற வருஷம் ஸ்பெயின் போய்வந்தார். திரும்பிய பின் ஒரு மாலை திருமுக்குளத்துப் படியில் உட்கார்ந்திருந்தபோது சொன்னார்: "தெற்குக் கடற்கரையில டோரிமோலினோஸ்னு ஒரு ஊர் சார். ஆம்பளைங்க ஆம்பளைங்களைச் சந்திக்கிறதுக்குன்னே நீராவிக் குளியல் விடுதி இருக்கு. வாசல்ல போர்டு மாட்டியிருக்கு. நான் உள்ளே போனேன்."

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் தொடரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துகொண்டோம். பிறகு யோசித்தபோது அவர் அழுத்திச் சொன்னது உள்ளே போனதையல்ல, போர்டு மாட்டியிருந்ததைத்தான் என்று பட்டது. அவர் அனுமதியோடு இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார்.

2

அந்த போர்டுக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. ஸ்பெயினில் நாடோடிகளையும் போக்கிரிகளையும் குறித்து 1933இல், குடியரசுக் காலத்தில், ஒரு சட்டம் வந்தது. பிராங்கோவின் ஆட்சி 1954இல் அதைத் திருத்தி, தன்பால் விழைவு கொண்டவர்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது. கானரித் தீவுகளில் ஒன்றான ஃபுயெர்தெவென்தூராவில், தெஃபியா என்ற இடத்து வேளாண் முகாமுக்குப் பலர் அனுப்பப்பட்டுக் கட்டாய உழைப்பில் வாடினார்கள். 1970இல் பழைய சட்டத்தின் இடத்தில் 'சமூக அபாயம்' பற்றிய புதிய சட்டம் வந்தது. செய்த குற்றத்துக்குத் தண்டனை என்பதல்ல இதன் தர்க்கம். மனிதனே அபாயம், ஆகவே அவனை அடைத்துவைத்துச் செப்பனிட வேண்டும் என்பது.

இதே ஆட்சிக்கு மறுபக்கம் டாலரும் மார்க்கும் தேவையாயிருந்தன. 1959இன் பொருளாதாரச் சீரமைப்புக்குப் பின் வெயிலும் கடலும் அதன் ஏற்றுமதிச் சரக்காயின. வடக்கு ஐரோப்பியர்கள் வந்து குவிந்த டோரிமோலினோஸில், மாட்ரிட்டில் நினைத்துப் பார்க்க முடியாத மதுக்கடைகள் திறந்திருந்தன. போலீஸ் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டது. வங்கியில் உட்கார்ந்திருப்பவனுக்கு இது புரிந்துகொள்ளக் கஷ்டமான விஷயமல்ல. சகிப்புத்தன்மைக்கும் ஒரு மாற்றுவிகிதம் உண்டு.

ஆனால் மாற்றுவிகிதம் உரிமையாகாது. 1971 ஜூன் 24 இரவு, அவ்வூரின் பெகோன்யா சந்துக்குள் போலீஸ் புகுந்தது. 114 பேர் கைதானார்கள். வெளிநாட்டவர் சிலர் நாடு கடத்தப்பட்டார்கள், கடைகள் மூடப்பட்டன. பிராங்கோ 1975இல் இறந்தார். 1977இல் பார்சிலோனாவில் முதல் ஊர்வலம் நடந்தது. 1978 டிசம்பரில்தான் அபாயச் சட்டத்திலிருந்து அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. 2005இல் திருமண உரிமை கிடைத்தது. இன்று பெகோன்யா சந்து ஒரு நினைவிடம். என் நண்பர் பார்த்த போர்டை மாட்டிய ஆணிக்குள் இவ்வளவும் இறங்கியிருக்கிறது. உல்லாசப் பயணத் துண்டுப்பிரசுரத்தில் வெயிலைப் பற்றித்தான் இருக்கும்.

3

நீராவிக் குளியல் ஐரோப்பாவின் சொந்தச் சொத்து மட்டுமல்ல. ஃபின்லாந்துக்காரரின் சவுனா ஒரு வழி. துருக்கியின் ஹமாம் இன்னொரு வழி. டேவிட் உர்க்ஹார்ட் என்ற பிரிட்டிஷ் ராஜதந்திரி துருக்கியக் குளியல்மீது மோகம் கொண்டு, லண்டன் ஜெர்மின் தெருவில் ஒரு ஹமாம் அமையக் காரணமானார். அது திறந்த வருஷம் 1862. மெக்காலே 1837இல் முன்வரைந்து, 1860இல் நிறைவேறிய இந்திய தண்டனைச் சட்டம், அதன் 377ஆவது பிரிவோடு நடைமுறைக்கு வந்ததும் அதே 1862இல், ஜனவரி முதல் தேதி.

ஒரே பேரரசு ஒரே வருஷத்தில் கிழக்கிலிருந்து குளியலை வாங்கிக்கொண்டு, கிழக்குக்கு 'இயற்கைக்கு மாறான' என்ற அடைமொழியைக் கொடுத்தது. இதை நான் குறியீடாக்க விரும்பவில்லை, தேதிகள் தற்செயலானவை. ஆனால் விளைவுகள் தற்செயலானவையல்ல. ஜெர்மின் தெருவின் துருக்கிக் குளியல் விடுதிகளில் ஒன்று இருபதாம் நூற்றாண்டில் இத்தகைய ஆண்கள் சந்திக்கும் இடமாகப் பெயர் பெற்றது. இங்கிலாந்தே 1967இல் தன் சட்டத்தைத் தளர்த்திக்கொண்டது. நாம் 2018 வரை அந்த அடைமொழியைப் பத்திரமாகப் பாதுகாத்தோம்.

4

இங்கே எழுகிற சுலபமான பதில் ஒன்றுண்டு: நம் மரபில் எல்லாம் இருந்தது, வெள்ளைக்காரன் வந்து கெடுத்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்வது இன்னும் சுலபம். நம்மாழ்வார் பராங்குச நாயகியாகிறார். திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகிறார். ஆண் கவி பெண்குரலில் ஓர் ஆண் தெய்வத்துக்காக உருகுவதைக் குறைசொல்ல இங்கு யாருமில்லை. தொல்காப்பியம் பேடிக்கு இலக்கண விதி வகுத்திருக்கிறது.

இவற்றை ஆதாரமாகக் காட்டுவது வரலாறாகாது. நாயகி பாவம் ஓர் ஆன்மிக நிலை. அதில் ஆண் ஆணாக நின்று இன்னோர் ஆணை விரும்பவில்லை, பெண்ணாகி விரும்புகிறான். இலக்கண விதி பால் திரிபைப் பற்றியது, விழைவைப் பற்றியதல்ல. படிமத்துக்குக் கிடைத்த இடம் ஆளுக்குக் கிடைத்ததா என்பதுதான் கேள்வி.

திருமுக்குளத்தையே எடுத்துக்கொள்ளலாம். கங்கை, யமுனை, சரஸ்வதி மூன்றும் வந்து சேர்ந்த குளம் என்பது தலபுராணம். மார்கழி நீராட்டத்துக்கு ஆண்டாள் எழுந்தருளும் எண்ணெய்க் காப்பு மண்டபம் இங்கேதான். எந்த ஊர்க் குளத்திலும் அருவியிலும் ஆண்கள் வெற்றுடம்போடு குளிக்கிறார்கள். ஒருவர் முதுகை ஒருவர் தேய்த்துவிடுகிறார்கள். குற்றாலத்தில் சீசன் சமயத்தில் எண்ணெய் தேய்த்துவிடுவது ஒரு தொழில். தொடுதலுக்கு இங்கே பஞ்சமில்லை. பஞ்சமெல்லாம் பெயருக்குத்தான். நம் படித்துறை எல்லா உடம்பையும் ஏற்றுக்கொண்டது என்பதும் பொய். குளத்துத் தண்ணீரைத் தொடுவதற்காகவே அம்பேத்கர் 1927இல் மகாடில் போராட வேண்டியிருந்தது. சென்னை மாகாணத்தில் 1947இல்கூட ஓர் ஆலயப் பிரவேசச் சட்டம் வர வேண்டியிருந்தது. யார் இறங்கலாம் என்று ஜாதி தீர்மானித்த தண்ணீரில், யார் யாரை விரும்பலாம் என்பதையும் அதே ஜாதிதான் கல்யாணத்தின் மூலம் தீர்மானித்தது.

சவுனாவுக்குக் கதவு வேண்டும், சாவி வேண்டும், கட்டணம் வேண்டும். முக்கியமாக, உன்னை இன்னார் மகன் என்று அறியாதவர்கள் வேண்டும். படித்துறையில் அது ஒன்றுதான் கிடையாது. என் நண்பர் அந்த அறியாமையைத் தேடித்தான் அவ்வளவு தூரம் போயிருக்கிறார். அங்கேயும் சமத்துவம் ஒரு துண்டின் அளவுதான். கட்டணம் கொடுக்க முடியாதவனுக்கும் விசா கிடைக்காதவனுக்கும் எந்த போர்டும் பயன்படாது.

5

1984 அக்டோபரில் சான்பிரான்சிஸ்கோ நகரம் தன் குளியல் விடுதிகளை மூட உத்தரவிட்டது. எய்ட்ஸ் பயம் காரணம். மூடினால் எச்சரிக்கை சொல்லவும் இடமில்லாமல் போகும் என்று எதிர்வாதம் செய்தவர்களும் இருந்தார்கள். 1986இல் இந்தியாவின் முதல் ஹெச்ஐவி தொற்றுகளைச் சென்னையில் டாக்டர் சுனீதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் கண்டறிந்தார்கள். மூடுவதற்கு இங்கே விடுதிகள் இல்லை, இருந்தது மௌனம். 377ஐ எதிர்த்து நாஸ் அறக்கட்டளை 2001இல் டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனதற்கு, எச்சரிக்கை சொல்லப் போகிறவர்களுக்கே அந்தச் சட்டம் தடையாக நின்றதும் ஒரு காரணம். 2009இல் வெற்றி. 2013இல் உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தபோது, இவர்கள் மிகச் சிறிய எண்ணிக்கை என்பதும் ஒரு வாதமாக வைக்கப்பட்டது. ஒரு ரூபாய் இருப்புள்ள கணக்கும் கணக்குதான் என்பது என் தொழில் கற்றுக்கொடுத்த பாடம். 2018 செப்டம்பர் 6 அந்தத் தவறைத் திருத்தியது. 2023இல் திருமண உரிமை மறுக்கப்பட்டது.

நம் இலக்கியம் என்ன செய்துகொண்டிருந்தது? 1978இல் கரிச்சான் குஞ்சு 'பசித்த மானிட'த்தில் இதைத் தொட்டார். வேதமும் சமஸ்கிருதமும் படித்த பள்ளி ஆசிரியர் அவர். அந்நியமாதல் பற்றித் தத்துவம் பேசிய நவீனர்கள் பலருக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை. சென்னை உயர்நீதிமன்றத்தில் 2021இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்த சுஷ்மா வழக்கையொட்டி, மரியாதையான தமிழ்ச் சொற்களின் பட்டியல் ஒன்றைத் தமிழக அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்டது. அந்தச் சொற்களுக்காக உழைத்தவர்கள் அந்த வாழ்வை வாழ்கிறவர்கள். கௌரவம் தந்தது நீதிமன்றம். சொல்லே தங்கள் தொழில் என்று சொல்லிக்கொள்ளும் நம்மைப் போன்ற சிறுபத்திரிகைக்காரர்கள் அதைக் கெஜட்டில் பார்த்துத் தெரிந்துகொண்டோம். இது எனக்கு வெட்கமாயிருக்கிறது.

பன்னிரண்டு வருஷ பஸ் பயணத்தில் நானும் ஒரு சட்டப்பிரிவாகத்தான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறேன். அன்று படியில் அவர் சொன்னதற்கு நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி பெரிய கேள்வியல்ல. ஊருக்குப் போய்வந்த எவரிடமும் கேட்பதுதான்: எப்படி இருந்தது, பயமில்லாமல் இருந்தீர்களா?

வரும் ஞாயிற்றுக்கிழமை கேட்க வேண்டும்.