பிரைட்டனுக்கு டிக்கெட் போடும் முன்... ஜனவரி மாதத்தைக் கணக்குப் போடுங்க!

திருப்பூரில் தைத்த டி-ஷர்ட் பிரிட்டன் கடைகளுக்குப் போவது பழைய கதை. இப்போது பனியன் கம்பெனி வீட்டுப் பிள்ளைகளே ஃபேஷன், பிசினஸ் என மாஸ்டர்ஸ் படிக்க அங்கே கிளம்புகிறார்கள். லண்டன் வாடகையைப் பார்த்து மிரண்டவர்கள் அடுத்து கூகுளில் தேடுவது பிரைட்டன், போர்ன்மவுத் போன்ற கடலோர ஊர்களை. பல்கலைக்கழகமும் இருக்கு, பீச்சும் இருக்கு, வேறென்ன வேணும்?

வேணும். நீங்கள் பார்க்கும் இன்ஸ்டா ரீல் எல்லாமே ஜூலையில் எடுத்தது. நம் ஊட்டியை மே மாதத்தில் பார்த்துவிட்டு அங்கேயே வேலை தேடிப் போவது மாதிரிதான் இது. கோடையில் இரவு 9 மணி வரை வெளிச்சம், ஹோட்டல், ஐஸ்க்ரீம் கடை, கஃபே எல்லாவற்றிலும் ஆள் தேவை. ஆனால் கோர்ஸ் தொடங்குவது பெரும்பாலும் செப்டம்பரில். நீங்கள் பெட்டியை இறக்கும்போது சீசன் முடிந்து கடைகள் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருக்கும். டிசம்பரில் மாலை 4 மணிக்கே இருட்டிவிடும். பார்ட்-டைம் வேலையை நம்பி வாடகை கட்ட நினைப்பவர்கள் முதலில் மாட்டுவது இங்கேதான்.

கணக்கைப் பார்ப்போம். ஸ்டூடன்ட் விசாவில் டிகிரி படிப்பவர்கள், வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். 21 வயதைத் தாண்டியவர்களுக்கு 2025 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டாக இருந்தது. அந்தக் கணக்கில் முழுசாக 20 மணி நேரம் கிடைத்தாலே வாரம் சுமார் 244 பவுண்டுதான். சாப்பாடு, பஸ், வாடகையில் கொஞ்சம் சமாளிக்கலாம். ஃபீஸ் கட்ட முடியாது. 'ஃபீஸை அங்கே போய் சம்பாதிச்சுக்கலாம் தம்பி' என்று யாராவது சொன்னால், அந்த ஆபீஸிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். இன்னொன்று, சுயதொழிலுக்கு அனுமதி கிடையாது. நண்பனின் டெலிவரி ஆப் அக்கவுன்ட்டை வாடகைக்கு எடுத்து சைக்கிள் ஓட்டினால் விசாவுக்கே ஆபத்து.

வீட்டு விஷயம். 1970-களில் வெள்ளைக்காரர்கள் விடுமுறைக்கு விமானமேறி ஸ்பெயின் போக ஆரம்பித்த பிறகு, இந்த ஊர்களின் பழைய விடுதிகள் பல ஒற்றை அறைகளாகப் பிரிக்கப்பட்டு வாடகைக்கு வந்தன. ஜன்னலைத் திறந்தால் கடல், சுவரைத் தொட்டால் ஈரம்! பூஞ்சை வாசனை, ஹீட்டிங் யார் செலவு, துணி எங்கே காயப்போடுவது என்று வீடியோ காலில் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். பொதுவாக இங்கிலாந்தில் டெபாசிட்டாக ஐந்து வார வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்பது சட்டம். பிரைட்டனிலிருந்து லண்டன் ரயிலில் ஒரு மணி நேரம் என்பதால் வாடகை அங்கே லேசுப்பட்டதல்ல. முழுநேர மாணவர்களுக்கு கவுன்சில் டேக்ஸ் விலக்கு உண்டு. மாணவர் அல்லாதவர் வீட்டைப் பகிர்ந்தால் பில் வரலாம்.

படிக்கவே வேண்டாம், 'கடற்கரை முதியோர் இல்லத்தில் கேர் வேலை, ஸ்பான்சர்ஷிப் ரெடி' என்று வரும் வாட்ஸ்அப் மெசேஜ்தான் இருப்பதிலேயே ஆபத்தானது. கேர் வொர்க்கர் வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை பிரிட்டன் 2025 ஜூலை 22-ல் நிறுத்திவிட்டது. அதற்கு முன்பே, 2024 மார்ச் 11 முதல், புதிதாக வரும் கேர் வொர்க்கர்கள் குடும்பத்தை அழைத்துவர முடியாது என்று ஆகிவிட்டது. ஸ்பான்சர்ஷிப் என்பது லட்சங்கள் கொடுத்து வாங்கும் பொருளே அல்ல. உரிமம் உள்ள நிறுவனங்களின் பட்டியல் பிரிட்டன் அரசு இணையதளத்தில் இலவசமாக இருக்கிறது. ஆனால், பட்டியலில் பெயர் இருப்பதால் மட்டுமே ஏஜென்ட் சொல்வது உண்மையாகிவிடாது. காட்டை அடமானம் வைக்கும் முன் அந்த நிறுவனத்துக்கே ஒரு மெயில் போடுங்க. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சென்னையில் இருக்கிறது.

பெட்டியில் என்ன வைப்பது? காட்டன் உள்ளாடை, டி-ஷர்ட் எல்லாம் காதர்பேட்டையிலேயே வாங்கிக்கலாம், இதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. மழைக்கோட்டை மட்டும் அங்கே போய் வாங்குங்கள். குடை வேண்டாம், கடல்காற்றில் முதல் வாரமே மடங்கிவிடும். போன கையோடு பக்கத்து ஜிபி டாக்டரிடம் பதிவு செய்துவிடுங்கள். விசாவுக்காக மாணவர்கள் ஆண்டுக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணம் ஏற்கெனவே கட்டியிருப்பீர்கள், பதிவுக்குத் தனிக் காசு இல்லை.