கோட்டுக்குள் ஒரு கண்ணாடி மணி

உடைந்த யன்னல் கண்ணாடியை நொறுக்கிச் சலித்து, நெருப்பு எரியும் உலைக்குள் ஊதிவிடுவார்கள். உருகிய துகளை யாரும் உருட்டத் தேவையில்லை. மேற்பரப்பு இழுவிசையே அதை மணியாக்கிவிடும். ரவையளவு, பெரும்பாலும் 1 மில்லிமீற்றருக்கும் குறைவு. கல்முனை பிரதான வீதியில் வெள்ளைக் கோட்டை இரவில் காட்டித் தருவது இந்த மணிதான்.

சாக்கில் வந்து இறங்கியதும் அதன் தலைவிதி சில வினாடிகளில் தீர்ந்துவிடுகிறது. 200 பாகை செல்சியஸை நெருங்கும் சூட்டில் உருக்கிய கலவையைக் கோடாக இழுத்து, அது ஆறுமுன் மணியைத் தூவுகிறார்கள். பாதிக்குச் சற்று மேலே புதைய வேண்டும். முழுக்க மூழ்கினால் வெளிச்சம் நுழையாது. மேலோட்டமாக ஒட்டினால் லொறிச் சில்லு பெயர்த்துக்கொண்டு போய்விடும். சரியாக அமர்ந்த மணிக்குள் நுழையும் ஹெட்லைட் ஒளி வளைந்து, பின்னாலுள்ள வெள்ளையில் பட்டு, வந்த வழியே சாரதியின் கண்ணுக்குத் திரும்பும்.

அக்கரைப்பற்று, நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என்று மட்டக்களப்புக்கு ஏறும் ஏ4 வீதி இந்த மணிக்குச் சொகுசான இடமல்ல. கடற்கரை மணல் சில்லுக்கடியில் கிடந்து அரைக்கும். அறுவடைக் காலத்தில் ஓரக் கோட்டின்மேலேயே நெல் காயும். மார்கழி மழையில் மணிமேல் தண்ணீர்ப் படலம் நின்றால் ஒளி வேறெங்கோ சிதறிவிடும். கோடு மிகவும் தேவைப்படும் இரவில்தான் கோடே இல்லை!

எவ்வளவு மங்கினால் கோடு செத்துவிட்டது என்று கொள்வது? ஐக்கிய அமெரிக்காவின் காங்கிரஸ் 1992 இலேயே இதற்கொரு கீழெல்லை கேட்டது. விதி வெளியானது 2022 ஓகஸ்டில். முப்பது வருஷம்! மணிக்கு 35 மைல், அதாவது சுமார் 56 கிலோமீற்றர் வேக எல்லையும் அதற்கு மேலும் உள்ள வீதிகளில், காய்ந்த நிலையில், திரும்பும் ஒளி லக்ஸுக்கும் சதுர மீற்றருக்கும் குறைந்தது 50 மில்லிகண்டெலா. 70 மைலும் அதற்கு மேலும் என்றால் 100 என்பது பரிந்துரை. வாகனத்துக்கு 30 மீற்றர் முன்னால் கோடு எப்படித் தெரியும் என்பதைக் கோட்டின்மேல் வைக்கும் கருவி அங்கேயே கணித்துச் சொல்லும்.

இதை அப்படியே இறக்குமதி செய்தால் நமக்குப் பிரயோசனம் குறைவு. இலங்கையில் ஊருக்குள் வேக எல்லை 50 கிலோமீற்றர்; கல்முனை கடைத்தெரு அந்த விதிக்குள் விழவே விழாது. நம் வீதியில் ஆபத்து வேகத்தால் மட்டுமா வருகிறது? லைட் இல்லாத சைக்கிள், நடுவீதியில் படுத்திருக்கும் மாடு, தராவீஹ் தொழுகை முடிந்து கூட்டமாகத் திரும்பும் பிள்ளைகள். இவர்களுக்கு ஓரக் கோடுதான் வேலி.

அமெரிக்கர்களிடம் எனக்குப் பிடித்தது வேறொன்று. வீதிப் பலகைகளை இரவில் பரிசோதிக்கும் ஒரு முறையில், பார்ப்பவருக்கு 60 வயதாவது ஆகியிருக்க வேண்டும். இளங்கண்ணுக்குத் தெரிவது போதாது என்பது அதன் கணக்கு. சுபஹுத் தொழுகைக்கு இருட்டில் மோட்டார் சைக்கிள் எடுக்கும் நம் அப்பாமாரை நினைத்தால் அது நியாயம்.

மழை ஓய்ந்து, பெரும்போக நெல் வீதிக்கு வருமுன் கோடுகளை அளக்கலாம். அப்படியொரு பெரியவரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, இரவில் அளக்க வேண்டும். 50 ஐத் தொடாத இடத்துக்கு அடுத்த மழைவரை காத்திராமல் கோட்டைப் புதிதாக இழுத்து மணி தூவ வேண்டும், கடைத்தெரு உட்பட.