யாழ்ப்பாணத்திற் பாண்: புளிப்பும் போறணையும்

ஒரு சமூகத்தின் வரலாற்றை அரசர்தம் போர்களிலும் கல்வெட்டுக்களிலும் மாத்திரம் தேடுதல் போதாது. அடுக்களையிலும் தேடுதல் வேண்டும். யாழ்ப்பாணத்து மக்கள் சம்பலோடும் சொதியோடும் உண்ணும் பாண் அவ்வாறு தேடுவார்க்குக் கிடைக்கும் சான்றுகளுள் ஒன்றாகும்.

பாண் என்பது போர்த்துக்கேயச் சொல். 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், 1658இல் ஒல்லாந்தரிடம் அதனை இழக்கும்வரை ஆண்டனர். மேசை, கதிரை, அலமாரி முதலிய சொற்களைப் போலவே இதுவும் அவர்தம் மொழிவழி வந்து நிலைத்தது. பாண் சுடும் அடுப்பைக் குறிக்கும் போறணை என்பதும் 'ஃபோர்னோ' என்னும் அவர்தம் சொல்லின் திரிபேயாம். எனினும், சொல் வந்தபோதே உணவும் பரவிவிட்டது எனக் கொள்ளுதல் தவறாகும். கோதுமை இத்தீவில் விளையும் தானியமன்று. நெல்லும் குரக்கனும் பனையின் ஒடியலுமே குடாநாட்டாரின் உணவுக்கு அடிப்படையாயிருந்தன.

பாண் செய்யும் நுட்பம் யாழ்ப்பாணத்துப் பெண்டிர்க்கு முற்றிலும் புதியதன்று. மாவிலுள்ள சர்க்கரையை மதுவம் நொதிக்கச் செய்து காபனீரொட்சைட்டை வெளிவிடுகின்றது. அவ்வாயுவே மாவைப் பொங்கச் செய்கின்றது. அப்பத்திற்கு மாக்கரைத்துக் கள்விட்டுப் புளிக்கவைத்தவர்கள் இதே மதுவத்தையே பயன்படுத்தினர். கோவாவிற் போர்த்துக்கேயரும் தம் பாணுக்குக் கள்ளையே புளிப்பாகக் கொண்டனர். மேலும், தாச்சியின் மூடிமேலும் தணலிட்டு, மேலும் கீழும் வெம்மை சூழ அப்பம் சுடும் பழைய முறை போறணையின் தத்துவத்தையே சிறிய அளவிற் கொண்டதாகும்.

அவ்வாறாயின் வீட்டிற் பாண் சுடும் வழக்கம் ஏன் வேரூன்றவில்லை? இரு காரணங்கள் கூறலாம். கோதுமை மாவை நீர்விட்டுப் பிசையும்போது தோன்றும் குளுட்டன் எனும் புரத வலையே வாயுவைத் தாங்கி நிற்கின்றது. அரிசி மாவில் அது இல்லை. ஆதலின் கப்பலில் வரும் மாவையே நம்பவேண்டியதாயிற்று. இரண்டாவது, போறணை. செங்கற் கூண்டினுள் விறகெரித்து, தணலை வாரியெடுத்து, கல்லிலே தங்கிய சூட்டிற் பாணைச் சுடுதல் வேண்டும். ஒரு குடும்பத்தின் இரண்டொரு இறாத்தல் பாணுக்காக அத்துணை விறகை எரித்தல் கட்டுபடியாகாது. எனவே பாண் வீட்டுத் தொழிலாகாது பேக்கரித் தொழிலாயிற்று.

பாணைப் பொதுமக்களின் உணவாக்கியது சுவையன்று, தட்டுப்பாடே. 1942இற் பர்மா யப்பானியர் வசமானதும் இலங்கைக்கு அரிசி வரவு தடைப்பட்டது. பங்கீட்டு முறை வந்தது; அரிசியின் இடத்தைக் கோதுமை மா நிரப்பிற்று. 1966இறுதியில் அரிசிப் பங்கீடு பாதியாகக் குறைக்கப்பட்டபோது அம்மாவின் தேவை மேலும் மிகுந்தது. 1970களின் முற்பகுதியிலோ பாணுக்கும் வரிசையில் நிற்கவேண்டியதாயிற்று. அக்காலத்து இறக்குமதிக் கட்டுப்பாடுகளே குடாநாட்டின் மிளகாய், வெங்காயச் செய்கையாளர்க்கு வருவாயைத் தந்தன என்பது நோக்கத்தக்கது. ஒரே கொள்கை தோட்டத்திற்கு வாழ்வையும் அடுக்களைக்கு வாட்டத்தையும் அளித்தது.

1980இல் திருகோணமலையிற் பிறிமா மாவாலை இயங்கத் தொடங்கிற்று. ஆயினும் அங்கு அரைபட்டதும் பிறநாட்டுக் கோதுமையே. 1990இல் மூண்ட போரினாற் பாதைகள் மூடப்பட்டு, எரிபொருள் உள்ளிட்ட பல பொருள்கள் தடைசெய்யப்பட்டபோது குடாநாட்டில் மாவும் அரிதாயிற்று. அக்காலத்திலேயே பேக்கரிக்கு 'வெதுப்பகம்' என்னும் தமிழ்ப்பெயர் பரவலாயிற்று. பெயரைத் தமிழாக்க முடிந்தது. தானியத்தைத் தமிழ் மண்ணில் விளைவிக்க முடியவில்லை. 2022இன் பொருளாதார நெருக்கடியில் மாவின் விலை பன்மடங்கு உயர்ந்தபோதும் அவ்வுண்மையே மீண்டும் வெளிப்பட்டது.

இன்று மின்னடுப்பும் எரிவாயு அடுப்பும் வீடுகளில் உள்ளன. மாவும் உப்பும் நீரும் மதுவமும் கொண்டு, பிசைந்து, பொங்கவிட்டு, வீட்டிலேயே பாண் சுடக் கற்றல் எவர்க்கும் இயலும். குடாநாட்டின் வெப்பத்தில் மா விரைவிற் பொங்கும் என்பதையும் அப்பப் பானையைக் கண்டவர் அறிவர். கைத்திறன் சில நாளிற் கைவருவது. அதற்குரிய தானியமோ எந்நாளும் கடல்கடந்தே வரவேண்டும். பாணை வெறுத்தொதுக்குதல் இதற்குப் பரிகாரமாகாது. அதனோடு குரக்கனையும் ஒடியலையும் நெல்லையும் பேணிக்கொள்ளுதலே எண்பது ஆண்டுக்காலத் தட்டுப்பாடுகள் கற்பித்த பாடமாகும்.