தகாலொக் மொழியில் உளதும் இலதும் உடைமையும்

பிலிப்பைன்ஸின் தகாலொக் மொழிக்கு அச்சேறிய முதல் இலக்கணத்தை 1610இல் இயற்றியவர் பிளங்காஸ் என்னும் டொமினிக்கன் சபைத் துறவி. அவரது ஸ்பானிய மொழியில் உடைமைக்கெனத் தனிவினை உண்டு, தகாலொக்கில் இல்லை. 'மய்' என்னும் ஒரு சொல்லே இருப்பையும் உடைமையையும் உணர்த்தும். 'வலா' இரண்டினதும் இன்மையை உணர்த்தும். 'மய் தாவோ சா பாஹய்' எனின் வீட்டில் ஆள் உண்டு. 'மய் லூபா அகோ' எனின் எனக்கு நிலம் உண்டு. 'வலா அகோங் லூபா' எனின் எனக்கு நிலம் இல்லை.

இதனைப் பூர்வீகப் பொதுவுடைமையின் எச்சமெனக் கொள்வது வெறும் பொறிமுறை வாதமேயாகும். வழக்குத் தமிழிலும் உண்டு, இல்லை என்பனவே இப்பணியை ஆற்றுகின்றன. சோழர் காலத்திலோ நிலவுடைமையாளர் 'உடையான்' எனப் பெயர் பூண்டு நின்றனர்.

வர்க்க வரலாறு படிந்திருப்பது தொடரமைப்பிலன்று, சொல்லாக்கத்திலேயே. உரிமையாளன் 'மய்ஆரி'. நிலப்பிரபு 'பங்கினோவோங் மய்லூபா'. நிலமுள்ள ஆண்டவன் என்பது பொருள். செபத்தில் இறைவனைக் குறிப்பதும் அதே 'பங்கினோவோன்' தான். இவ்வொற்றுமை தற்செயலானதன்று. கலம்பாப் பண்ணையின் உடைமையாளர் டொமினிக்கன் சபையினரே. ஹொசே றிசாலின் குடும்பமும் அங்குக் குத்தகைக் குடியாகவே இருந்து, 1890களின் தொடக்கத்தில் வெளியேற்றப்பட்டது. 1903இல் அமெரிக்க ஆட்சி துறவிகளின் ஏறத்தாழ 4 இலட்சம் ஏக்கரை விலைக்கு வாங்கிற்று. அவற்றுள் மிந்தோறோத் தீவின் பெரும்பண்ணை அமெரிக்கச் சீனி முதலாளிகளின் கைக்கு மாறியது.

ஏதுமற்ற ஏழையைத் தகாலொக் 'வலாங்வலா' என்கிறது. எது இல்லை என்று அச்சொல் கூறுவதில்லை.