மேட்டூர் மதகும் யந்திரத்தின் ஓய்வும்

ஆரணியில் மழை பிடித்துக்கொண்டால் பட்டுப் பாவைத் தெருவில் நீட்டிக் கஞ்சி தோய்க்க முடியாது; தறிக்குழியில் ஜலம் ஊறிவிட்டாலோ மிதியில் கால் வைக்கவும் இயலாது; ஆதலின் அச்சையும் விழுதையும் பழுது பார்க்க அந்நாட்களே நெசவாளருக்கு வாய்த்தவை. அவ்வூர் அடங்கிய வட ஆற்காடு ஜில்லாவுக்கு மின்சாரம் அளித்த மேட்டூர் யந்திரங்களுக்கும் ஏறக்குறைய இதே விதிதான். அங்கே ஓய்வு நாளைக் குறித்தவர் தஞ்சை மிராசுதார்கள் என்று சொன்னாலும் பிழையில்லை.

1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்த மேட்டூர் அணை தஞ்சைப் பாசனத்தின் பொருட்டே எழுந்தது. 1937-ல் இயங்கத் தொடங்கிய மின்நிலையத்துக்கோ வயலுக்குப் போகும் நீரே ஜீவாதாரம். மதகை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். இடையில் ஒரு யந்திரத்தை நிறுத்தினால், அதன் பங்கு நீர் ஒரு யூனிட்டும் ஈட்டாமல் ஆற்றோடு போய்விடக்கூடும். ஆகவே சுழலியைப் பிரித்து, நீர் அரித்த தகடுகளைப் பற்றவைத்து நிரப்பி, தாங்கிகளின் எண்ணெயை மாற்றி, மின்சுருளின் காப்பைச் சோதிக்கும் நீண்ட வேலைக்கெல்லாம் மதகு மூடிய மாதங்களே உகந்த காலம்.

ஆனால் மதகு மூடினாலும் ஊருக்கு விளக்கெரிய வேண்டுமே! அதற்குக் கை கொடுத்தது பைக்காரா. 1932-ல் உற்பத்தி தொடங்கிய அந்நிலையத்தில் சுமார் 3,000 அடி உயரத்திலிருந்து இறங்கும் நீர் பெல்டன் சக்கரங்களை மோதிச் சுழற்றுகிறது; நீலகிரியில் தேக்கிய நீரை வேண்டியபோது செலவிடலாம். இரு நிலையங்களின் கம்பிகளும் ஈரோட்டில் இணைந்தபின், மேட்டூர் ஓயும்போது பைக்காரா உழைக்கவும், காவிரி பெருகும்போது பைக்காராவின் யந்திரம் பிரிக்கப்படவும் வழி பிறந்தது. பராமரிப்புக் கணக்கின் சாரமே இரண்டும் ஒருசேரப் படுத்துக்கொள்ளாமல் பார்ப்பதுதான்.

பருவமழை மட்டும் இந்தப் பஞ்சாங்கத்தை மதிப்பதில்லை. 2012 முதல் 2019 வரை எட்டாண்டுகள் மேட்டூர் குறித்த நாளில் திறக்கவில்லை. 2020-ல்தான் ஜூன் 12 மீண்டும் கைகூடிற்று. நீர்மட்டம் தாழ்ந்தால் யந்திரத்தின் திறனும் தாழும் என்பது இன்னொரு சிக்கல்.

நீலகிரியின் குந்தா நீர்மின் திட்டத்துக்கு உதவிய கனடாவில், எந்த வாரம் எந்த யந்திரத்தை நிறுத்துவது என்று, நீர்வரத்தின் நிச்சயமின்மையையும் சேர்த்துக்கொண்டு, ஆய்வாளர்கள் இப்போது சமன்பாடு அமைத்துக் கணிப்பொறியைக் கேட்கிறார்கள். அந்தச் சமன்பாட்டை மேட்டூருக்குக் கொண்டுவருவதாயின் தஞ்சையின் குறுவை நெற்பயிருக்கென்று இன்னொரு நிபந்தனையைக் கூட்டியாக வேண்டும்.