கண்ணாடிக்குப் பின்னால் ஒரு குடகுக்காரர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோசைக்கு நடுவில் மகள் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"அப்பா, நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் போகலை. மியூசிக் ப்ரொடக்‌ஷன் படிக்கப் போறேன்."

தங்கமணி கையில் இருந்த சட்னிக் கரண்டி அந்தரத்தில் நின்றது. நான் ஙே என்று முழித்தேன்.

"பாடப் போறியா?"

"இல்லை."

"ஏதாவது வாசிக்கப் போறியா?"

"வாசிப்பேன். ஆனா அது முக்கியம் இல்லை. பாடுறவங்க கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிப்பாங்க. நான் இந்தப் பக்கம் உட்காருவேன்."

இங்கிலாந்துக்கு வந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேல் பொட்டி தட்டுகிறவனுக்கு இதெல்லாம் எங்கே புரியும்? "யாராவது ஒருத்தர் இதுல உருப்பட்டிருக்காங்களா, ஒரு பேர் சொல்லு பார்ப்போம்" என்று கேட்டேன். "ட்ரெவர் ஹார்ன்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். எதிர்த்துப் பேச ஆதாரம் வேண்டுமே என்று அன்றிரவு அந்த ஆளைத் தேடிப் படிக்க உட்கார்ந்தேன். படித்த இடத்தில் நாற்பது வருடத்துக்கு மேல் மறந்திருந்த ஒரு பெயர் வந்து நின்றது. பிட்டு!

பிட்டு என்றால் நம் ஆட்களுக்கு ஈசன் மண் சுமந்த பிட்டு ஞாபகம் வரும், இல்லையென்றால் பரீட்சையில் ஒளித்து வைக்கும் பிட்டு ஞாபகம் வரும். எனக்கு விழிஞ்ஞம் ஞாபகம் வந்தது. கொஞ்சம் கொசுவர்த்திச் சுருள் சுற்றிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்குச் சொந்த ஊர் குளச்சல் பக்கம். மீன்பிடித் துறைமுகக் கட்டுமான வேலைக்கு என்று விழிஞ்ஞம் போனவர், அங்கேயே தங்கிவிட்டார். ஒரு பக்கம் பள்ளிவாசல் பாங்கு, மறு பக்கம் மாதா கோயில் மணி, நடுவில் டீசலும் கருவாடும் கலந்த காற்று. வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம். கொஞ்ச தூரம் நடந்தால் கோவளம், அங்கே வெள்ளைக்காரர்கள். என்னைவிட ஆறு வயது மூத்த அண்ணன் அங்கேதான் பழியாய்க் கிடப்பான். ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர் சல்லிசாக விற்றுவிட்டுப் போன கிட்டாரில் தானே கற்றுக்கொண்டு, சாப்பாட்டுக் கடைகளில் சாயங்காலம் வாசிப்பான். சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பொரித்த மீன் கிடைக்கும்.

1981-ல் அடுத்த வீட்டு மாமா கல்ஃபில் இருந்து ஒரு டேப் ரெக்கார்டரும் 'டிஸ்கோ தீவானே' கேசட்டும் கொண்டுவந்தார். தெருவே ஆடியது. அண்ணன் மட்டும் கேசட் அட்டையை வெளிச்சத்தில் பிடித்து, அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தான். "லேய், பாடுனது யாருன்னு எல்லாவனுக்கும் தெரியும். இதச் செஞ்சது யாருன்னு பாரு. பிட்டு! நம்ம பக்கத்து ஆளு கேட்டியா, லண்டன்ல இருக்கான்."

நம்ம பக்கம் என்றால் குடகு. கன்னியாகுமரிக்கும் குடகுக்கும் எவ்வளவு தூரம் என்பதெல்லாம் அண்ணனுக்கு ஒரு பொருட்டே இல்லை.

பிட்டு அப்பையா ஒரு குடவர். 1945-ல் பிறந்தவர், பெங்களூரில் வளர்ந்தவர். பள்ளி நண்பர்களோடு 'ட்ரோஜன்ஸ்' என்று ஒரு ராக் குழு. பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டுகளை பெங்களூர் கிளப்புகளில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். குழு உடைந்தது. கூட இருந்தவர்கள் கழன்றுகொண்ட பிறகும் இவர் விடவில்லை. 'லோன் ட்ரோஜன்', அதாவது தனி ட்ரோஜன் என்று பெயர் வைத்துக்கொண்டு, ஒற்றை கிட்டாரோடு கல்கத்தாவின் ட்ரிங்காஸிலும் பம்பாயிலும் பாடினார். 1967-ல் மத்திய கிழக்கு வழியாக, கிடைத்த வண்டியில் ஏறி, வழியில் பாடிச் சம்பாதித்து, இங்கிலாந்து வந்து சேர்ந்தார். நாமெல்லாம் கம்பெனி கொடுத்த டிக்கெட்டில், ஊறுகாய் பாட்டிலை ஸ்வெட்டரில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தவர்கள். இது வேறு ரகம்.

லண்டனில் சிவப்புக் கம்பளம் ஒன்றும் விரிக்கவில்லை. அமெரிக்கத் தூதரகத்தில் சமையல் வேலை. மிச்சம் பிடித்த காசில் ஸ்டுடியோவை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துத் தன் பாட்டைப் பதிவு செய்தார். பாடகராக எடுபடவில்லை. ஆனால் 1969-ல் 'தி டைகர்ஸ்' என்ற ஜப்பானியக் குழுவுக்கு அவர் தயாரித்த 'ஸ்மைல் ஃபார் மீ' ஜப்பானில் ஹிட் ஆனது. பாட்டை எழுதியவர்கள் பீ ஜீஸ் சகோதரர்களான பாரி கிப், மாரிஸ் கிப். பாடுபவர்கள் ஜப்பான்காரர்கள், எழுதியவர்கள் வெள்ளைக்காரர்கள், நடுவில் உட்கார்ந்து அதைப் பாட்டாக்கியவர் ஒரு குடகுக்காரர்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, ப்ரொட்யூசர் என்றால் யார் என்று சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் நம் ஊர் சினிமாவில் ப்ரொட்யூசர் என்றால் வெள்ளைச் சட்டை போட்டுக் காசு போடுபவர். இது அது இல்லை. எந்தப் பாட்டு, யார் பாடுவது, எந்த வேகம், எந்த வாத்தியம் முன்னால், எது பின்னால், எந்த டேக் நல்ல டேக், எப்போது போதும் என்று சொல்வது, எல்லாம் இவர் வேலை. நல்ல காதும், பிடிவாதமும், மனிதர்களை வேலை வாங்கும் சாமர்த்தியமும் வேண்டும். (எங்கள் ஆபீஸ் ப்ராஜெக்ட் மேனேஜருக்கு இதில் மூன்றாவதுகூடக் கிடையாது. நிற்க.)

1974-க்கு வருவோம். ஜமைக்காவில் பிறந்த கார்ல் டக்ளஸ் என்ற பாடகரை வைத்து பிட்டு ஒரு பாட்டைப் பதிவு செய்கிறார். அந்தக் காலத்து பிரிட்டனில் வாத்தியக்காரர்களின் சங்க விதிப்படி ஒரு செஷன் என்பது மூன்று மணி நேரம். அதற்கு மேல் போனால் கூடுதல் காசு. முக்கியமான பாட்டுக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடிவிட்டது. இசைத்தட்டுக்குப் பின்பக்கம் என்று ஒன்று உண்டே, அதற்கு ஏதாவது வேண்டும். பாட்டு எழுதி வைத்திருக்கிறாயா என்று டக்ளஸிடம் கேட்க, அவர் சில தாள்களை நீட்டுகிறார். ப்ரூஸ் லீ காய்ச்சல் உலகம் பூராவும் அடித்துக்கொண்டிருந்த நேரம். பிட்டு தேர்ந்தெடுத்தது 'குங்ஃபூ ஃபைட்டிங்'. பின்பக்கம்தானே என்று ஹூ, ஹா எல்லாம் போட்டு, மிச்சமிருந்த பத்து நிமிடத்தில் இரண்டே டேக்கில் முடித்துவிட்டார்கள்.

பை ரெக்கார்ட்ஸ் கம்பெனியின் ராபின் பிளாஞ்ச்ஃப்ளவர் கேட்டார். இதுதான் முன்பக்கம் என்று அடித்துச் சொன்னார். ரேடியோக்காரர்கள் முதலில் சீந்தவில்லை. நடனக் கூடங்களில் பற்றிக்கொண்டது. செப்டம்பர் 1974-ல் பிரிட்டனில் முதலிடம், டிசம்பரில் அமெரிக்காவில் முதலிடம். ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றதாகச் சொல்வார்கள். இன்றைக்கும் நம் பிள்ளைகளின் பிறந்தநாள் பார்ட்டிகளில் ஓடுகிறது. அதைச் செய்தது ஒரு இந்தியர் என்று அங்கே குதிக்கும் குழந்தைகளின் அப்பா அம்மாவுக்கே தெரியாது. எனக்கும் தெரிந்து மறந்திருந்தது.

அடுத்து டினா சார்ல்ஸ். பிட்டு தயாரித்த 'ஐ லவ் டு லவ்' 1976 மார்ச்சில் பிரிட்டனில் முதலிடம். இங்கேதான் என் மகளின் ட்ரெவர் ஹார்ன் உள்ளே வருகிறார். 1949-ல் டர்ஹம் பக்கம் பிறந்தவர். பாஸ் கிட்டார் வாசிப்பார். டினா சார்ல்ஸுக்குக் காதலராகவும், அவருடைய மேடைக்குழுவில் பாஸ் வாசிப்பவராகவும் இருந்தார். அந்தக் குழுவில்தான் ஜெஃப் டவுன்ஸ் என்ற கீபோர்டு கலைஞரையும் சந்தித்தார். பிட்டு தன் டிஸ்கோ பாட்டுகளை எப்படிக் கட்டுகிறார் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்கும் வாய்ப்பும் கிடைத்தது.

பிறகு ஹார்னும் டவுன்ஸும் 'தி பகிள்ஸ்' என்ற பெயரில் 1979-ல் வெளியிட்ட 'வீடியோ கில்ட் தி ரேடியோ ஸ்டார்' பிரிட்டனில் முதலிடம் போனது. 1981 ஆகஸ்ட் 1-ல் எம்டிவி தொடங்கியபோது முதலில் ஒளிபரப்பிய வீடியோ அதுதான். (அதில் ஒரு மூலையில் கீபோர்டு தட்டும் இளைஞர், பின்னாளில் ஹாலிவுட்டில் கொடி நாட்டிய ஹான்ஸ் ஜிம்மர்!) 1980-ல் ஹார்ன் 'யெஸ்' என்ற பெரிய ராக் குழுவுக்குப் பாடகராகப் போனார். பழைய பாடகரின் உச்சஸ்தாயி இவருக்கு எட்டவில்லை. மேடை மேடையாகப் பாடுபட்டார்.

அப்போது அவருடைய மனைவி ஜில் சின்க்ளேர் சொன்னது பிரசித்தம்: பாடகராக இருந்தால் நீ எப்போதும் இரண்டாம் தரம்தான், தயாரிப்பாளராகப் போனால் உலகத்தில் முதல் ஆளாக வருவாய் என்று. எந்த வீட்டு தங்கமணி இப்படி முகத்துக்கு நேரே சொல்வார்? (எங்கள் வீட்டில் சொல்வார், முதல் பாதியை மட்டும்.) ஹார்ன் கேட்டுக்கொண்டார். 1982-ல் ஏபிசி குழுவின் 'தி லெக்சிகன் ஆஃப் லவ்', 1983-ல் தான் பாடகராகத் தடுமாறிய அதே யெஸ் குழுவுக்குத் தயாரிப்பாளராக '90125', அதே வருடக் கடைசியில் ஃப்ராங்கி கோஸ் டு ஹாலிவுட்டின் 'ரிலாக்ஸ்'. பிபிசி அதைத் தடை செய்த பிறகும் 1984-ல் முதலிடத்தில் ஐந்து வாரம். 1984 நவம்பரில் எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக 'பேண்ட் எய்ட்' பாட்டைப் பதிவு செய்ததும் நாட்டிங் ஹில்லில் இவருடைய ஸ்டுடியோவில்தான். வாடகை வாங்காமல் ஒரு நாள் முழுக்க விட்டுக்கொடுத்தார். சீல் பாடிய 'கிஸ் ஃப்ரம் எ ரோஸ்' 1996-ல் கிராமி வாங்கியது.

இவ்வளவும் படித்துவிட்டு, எதிர்த்துப் பேச ஆதாரம் தேடப் போனவன் நான் என்பது ஞாபகம் வந்தது.

பிட்டுவுக்குத் திரும்புவோம். டிஸ்கோ அலை மேற்கே வடியத் தொடங்கிய நேரத்தில் நடிகர் ஃபெரோஸ் கான் வந்து 'குர்பானி' படத்துக்கு ஒரே ஒரு பாட்டு கேட்டார். மற்ற பாட்டுகள் கல்யாண்ஜி ஆனந்த்ஜி. லண்டனில் வளர்ந்துகொண்டிருந்த கராச்சிப் பெண் நாஸியா ஹசன் பாடினார். 'ஆப் ஜெய்சா கோயி', 1980. அந்தப் பாட்டுக்காக 1981-ல் அவருக்கு ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தபோது வயது பதினைந்து. எத்தனை பெரிய பாடகிகள் கோலோச்சிய நேரம் என்று யோசித்துப் பாருங்கள்! அந்த வருடமே நாஸியாவும் தம்பி ஸோஹெபும் சேர்ந்து 'டிஸ்கோ தீவானே'. சினிமாவே இல்லாமல் பாட்டு மட்டும் விற்கும் என்று இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் ஒரே நேரத்தில் காட்டிய கேசட். விழிஞ்ஞம் வரை வந்ததே, அதே கேசட்தான்.

1995-ல் அலிஷா சினாய் பாடிய 'மேட் இன் இந்தியா'வும் பிட்டு செய்ததுதான். மிலிந்த் சோமன் பெட்டிக்குள் இருந்து வருவாரே, அந்தப் பாட்டு. முதலில் நாஸியாவைத்தான் பாடக் கேட்டதாகவும், பாகிஸ்தான்காரியான தான் இந்தப் பாட்டைப் பாடினால் சொந்த நாட்டு மக்கள் மனம் புண்படும் என்று அவர் மறுத்துவிட்டதாகவும் பிட்டு சொல்லியிருக்கிறார். லண்டனில் குடியேறிய ஒரு குடவர், லண்டனில் வளர்ந்த ஒரு கராச்சிக்காரி, நடுவில் இந்தியாவில் செய்தது என்று ஒரு பாட்டு. வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கும் நமக்கு இந்தச் சிக்கலை விளக்கவே வேண்டாம். நாஸியா 2000 ஆகஸ்டில், முப்பத்தைந்து வயதில், புற்றுநோயால் லண்டனில் இறந்துபோனார்.

நம்மூரிலும் இதே பாதை உண்டு. மெட்ராஸில் 'ரூட்ஸ்' போன்ற குழுக்களில் சிவமணியோடு கீபோர்டு வாசித்த ஒரு பையன், வீட்டோடு ஒரு ஸ்டுடியோ போட்டு உட்கார்ந்தார். மொத்த ஆர்கெஸ்ட்ராவும் பெரிய ஹாலில் கூடி வாசித்த காலத்தில், ஒவ்வொரு ஒலியாக அடுக்கி, ராத்திரி முழுக்க அழித்து அழித்துச் செய்தார். 1992-ல் 'ரோஜா' வந்தது. ரஹ்மானைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை. அவருக்கு மெட்டுப் போடத் தெரியும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், ப்ரொட்யூசராக அவர் செய்த வேலையை யாரும் சரியாகச் சொல்வதில்லை என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

அண்ணன் கதை? 1984-ல் மஸ்கட் விசா வந்தது, ஏசி மெக்கானிக் வேலை. ஏஜெண்டுக்குப் பணம் குறைந்தபோது கிட்டாரை விற்றான். அப்பா விற்கச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் இன்ஜினியரிங் படித்த ஃபீஸ் அந்த மஸ்கட் பணம். இதை நான் வீட்டில்கூட அதிகம் பேசுவதில்லை.

போன வாரம் அவனுக்கு ஃபோன் போட்டேன். விழிஞ்ஞத்தில்தான் இருக்கிறான். மொட்டை மாடியில் நின்றால் புதுத் துறைமுகத்தின் கிரேன்கள் தெரிகிறதாம். 2024-ல் முதல் தாய்க்கப்பல் வந்தபோது ஊரே பார்க்கப் போனதாம். மகள் விஷயத்தைச் சொன்னேன். திட்டுவான், அல்லது அழுவான் என்று நினைத்தேன். "பிள்ளைக்குக் காது உண்டாலே?" என்றான்.

"எனக்கு எப்படிண்ணே தெரியும்?"

"அவ செஞ்சத ஒண்ணு அனுப்பச் சொல்லு."

அனுப்பினாள். இரண்டு நாள் சத்தமே இல்லை. மூன்றாம் நாள் அவளுடைய வாட்ஸப்புக்கு ஒரு குரல் செய்தி: "மக்களே, பெரியப்பா நாலு தடவ கேட்டேன். நல்லா இருக்கு. ஆனா பேஸ் கூடுதல், பாடுற பிள்ள மூச்சு விடுற எடமே கேக்கல. அத வெளிய கொண்டு வா."

மாடியில் இரவு பன்னிரண்டு மணி வரை அதே நான்கு வரி திரும்பத் திரும்ப ஓடியது. நான் கீழே உட்கார்ந்து பல்கலைக்கழக விண்ணப்பத்தின் கடைசித் தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கமணி இன்னும் சம்மதிக்கவில்லை.